நகராட்சி இல்லாத கடலோர ஊரில் இரண்டு வருஷம்

கேள்வி: அமெரிக்காவில் நகராட்சியே இல்லாத சின்ன ஊர்களில் தண்ணீர், குப்பை, போலீஸ் எல்லாம் யார் பொறுப்பு? அங்கே போய்க் குடியிருக்கலாமா?

2020 கடைசியில், ஆபீஸே வீட்டுக்குள் வந்துவிட்ட காலத்தில், நானும் மனைவியும் வட கலிபோர்னியாவில் மென்டசீனோ என்ற கடலோர ஊரில் வீடு எடுத்தோம். சான்பிரான்சிஸ்கோவிலிருந்து காரில் மூன்றரை மணி நேரம். மூன்று பக்கம் கடல், ரெட்வுட் மரம் அறுத்துப் பிழைத்த காலத்து மரவீடுகள், ஆயிரத்துக்கும் குறைவான ஜனம். மேயர் கிடையாது, கவுன்சில் கிடையாது. நிர்வாகம் எல்லாம் மலைக்கு அந்தப் பக்கம் யூக்காயாவில் இருக்கும் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) அலுவலகத்தில். ஒன்றரை மணி நேரம் வளைந்து வளைந்து போக வேண்டும். பின் சீட்டில் உட்கார்ந்தால் வாந்தி நிச்சயம்.

நகராட்சி இல்லையென்றால் வசதியே இல்லை என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு வேலையும் ஒவ்வொருவர் கையில் இருக்கும், அவ்வளவுதான். திருட்டு என்றால் கவுண்டி ஷெரீஃப் வருவார். ரோட்டில் வண்டி இடித்துக்கொண்டால் அவர் இல்லை, மாநில நெடுஞ்சாலை ரோந்துப் போலீஸ். தெருவில் பள்ளம் விழுந்தால் கவுண்டி, அதே பள்ளம் ஊரை ஒட்டிப் போகும் 1ஆம் எண் மாநில நெடுஞ்சாலையில் விழுந்தால் மாநில அரசு. குப்பை எடுப்பது தனியார். எங்கள் தெருவுக்குத் தபால்காரர் வரமாட்டார். தபால் நிலையத்தில் நமக்கென்று ஒரு பெட்டி இருக்கும், நாமே போய் எடுத்துக்கொள்ள வேண்டும். ஊர்வம்பு முழுக்க அந்தப் பெட்டிகளுக்கு முன்னால்தான் கிடைக்கும். தீயணைப்பு முழுக்கத் தன்னார்வலர்கள். பக்கத்து வீட்டில் புகைபோக்கி பற்றிக்கொண்டபோது ஹெல்மெட்டோடு இறங்கியவரைப் பார்த்தால், முந்தின வாரம் எங்கள் கதவை இழைத்துக் கொடுத்த தச்சர்!

வேடிக்கை என்னவென்றால், சுவருக்கு வேறு நிறம் அடிக்க, கடைக்குப் போர்டு மாட்டக்கூட அனுமதி வாங்க வேண்டும். பழமை மாறாமல் காக்க கவுண்டி போட்ட ஒரு குழு இருக்கிறது. சுவர் நிறத்தைக் கவனிக்க ஆள் உண்டு, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று கவனிக்கத்தான் ஆள் இல்லை.

ஆமாம், அங்கே பொதுக் குடிநீர்க் குழாயே கிடையாது. வீட்டுக்கு வீடு சொந்தக் கிணறு. கழிவுநீருக்கு மட்டும் பொதுக் குழாயும் சுத்திகரிப்பு நிலையமும் உண்டு. அதை நடத்துவது 'சேவை மாவட்டம்' என்ற உள்ளூர்ப் பொது அமைப்பு. நகராட்சியே இல்லாத ஊரில் அதன் பெயரில் 'சிட்டி' என்று ஒரு சொல் வேறு! ஆக, தண்ணீர் வருவது நம் பாடு, போவது ஊர் பாடு. தெருவெல்லாம் நிற்கும் பழைய மரத் தண்ணீர்க் கோபுரங்களைச் சுற்றுலாக்காரர்கள் அழகுக்காகப் படமெடுப்பார்கள். அந்தக் காலத்தில் காற்றாலையால் கிணற்றுத் தண்ணீரை அதில் ஏற்றித்தான் வீட்டுக்கு விட்டிருக்கிறார்கள்.

2021இல் மழை பொய்த்தது. ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தலையில் சீயக்காயோடு நிற்கிறேன், ஷவர் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. துண்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் ஓடினால், மோட்டார் வெறும் காற்றை இழுத்துக்கொண்டு அலறுகிறது. வீட்டுக்காரம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல். வந்ததும் மோட்டார் சுவிட்சை அணைத்தார், கிணற்று மூடியைத் திறந்து ஒரு கல்லைப் போட்டார். 'டொக்' என்று சத்தம். "இனி லாரிதான்" என்றார். சென்னையில் 2019 கோடையைப் பார்த்தவள் என் மனைவி. சத்தமில்லாமல் போய் எல்லாப் பக்கெட்டையும் எடுத்து வெளியே வைத்தாள்.

லாரியும் சுலபமாகக் கிடைக்கவில்லை. வழக்கமாகத் தண்ணீர் விற்பது வடக்கே பத்து மைல் தள்ளியுள்ள ஃபோர்ட் பிராக். அது முறையான நகரம், நகராட்சி உண்டு. ஆனால் அவர்களின் நோயோ ஆற்றில் நீரோட்டம் குறைந்து, கடல் ஏற்றத்தின்போது உப்புத் தண்ணீர் உள்ளே ஏறிவர, வெளியூருக்கு விற்பதை நிறுத்திவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. பிறகு யூக்காயாவிலிருந்து மலையைச் சுற்றி லாரியில் வந்தது. ஊரில் வாடிக்கையாளர் கழிவறையைப் பூட்டிவிட்டு, தெருவில் வைத்த தற்காலிகக் கழிவறையைக் காட்டிய உணவகங்களும் உண்டு. நாங்கள் பாத்திரம் கழுவிய தண்ணீரைக் கழிவறைக்கு ஊற்றினோம். தொட்டியை விரலால் தட்டித் தட்டி, சத்தம் மாறும் இடத்தை வைத்துத் தண்ணீர் மட்டத்தைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டேன்.

மற்றபடி, ஆஸ்பத்திரி ஃபோர்ட் பிராக்கில்தான். அங்கேயும் பிரசவப் பிரிவை 2020இல் மூடிவிட்டார்கள். குழந்தைத் திட்டம் இருப்பவர்கள் இதை முதலில் யோசியுங்கள். நாங்கள் கிளம்பியதற்கும் அதுதான் காரணம், தண்ணீர் அல்ல. மளிகைக்குக் குறையில்லை, கறிவேப்பிலைக்குத்தான் வழியில்லை.

குடியிருக்கலாமா என்றால், நான் மறுபடியும் போவேன். ஆனால் வீடு பார்க்க ஏப்ரலில் போகாதீர்கள், அப்போது எல்லாக் கிணறும் நிறைந்திருக்கும். மழை தொடங்கும் முன், அக்டோபர் முதல் வாரத்தில் போங்கள். சமையலறை, கடல் தெரியும் ஜன்னல் எல்லாம் பிறகு. முதலில் தொட்டி எத்தனை காலன், போன வருஷம் எத்தனை லாரி வாங்கினார்கள், லாரிக்காசு யார் தலையில் என்று கேட்டு, ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். நாங்கள் எழுதி வாங்கவில்லை. வீட்டுக்காரம்மா பாதி கொடுத்தார், அது அவர் குணம்.