வெயில் ஆய்வு அரசாங்கத்தின் காதில் விழ: கேள்வி பதில்

வெப்பமும் இறப்பும் பற்றிய ஆய்வில் இருப்பவள் நான். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கவிதா: மேடம், ஓர் ஆய்வு நிஜமாகவே அரசுத் திட்டமான கதை நம் நாட்டில் உண்டா?

உண்டு, அகமதாபாத். 2010 மே மாதம் அங்கே வெயில் 46.8 டிகிரியைத் தொட்டது. காந்திநகர் பொதுச் சுகாதார நிறுவனத்தின் திலீப் மாவலங்கரும் அவரோடு சேர்ந்தவர்களும் அந்த மாத இறப்புகளை 2009, 2011 மே மாதங்களோடு ஒப்பிட்டார்கள். 1,344 பேர் கூடுதலாக இறந்திருந்தார்கள். மாநகராட்சி 2013-லேயே வெப்பச் செயல் திட்டத்தைத் தொடங்கிவிட்டது, ஆய்வுக் கட்டுரை அச்சில் வந்ததோ 2014-ல். எனக்கு இதில் பிடித்ததே அந்த வரிசைதான். அதிகாரிகள் ஆரம்பத்திலிருந்தே கூட உட்கார்ந்திருந்ததால் யாரும் அச்சுக்காகக் காத்திருக்கவில்லை.

செந்தில்: வெயிலில் இறந்தவர்கள் கணக்கு ஆஸ்பத்திரியிலேயே இருக்குமே?

இருக்கும், ரொம்பக் குறைவாக. சித்தாள் வேலைக்குப் போன அம்மா மதியம் மயங்கி விழுந்து இறந்தால் சான்றிதழில் மாரடைப்பு என்றுதான் எழுதுவார்கள். அதனால்தான் காரணத்தை விட்டுவிட்டு மொத்த இறப்பை எண்ணி, மற்ற வருடங்களோடு ஒப்பிடுகிறோம்.

முத்து: சார், நான் 60 பக்க அறிக்கை கொடுத்தேன், பதிலே வரவில்லை.

சார் இல்லை, மேடம். சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்த 60 பக்கத்தில் நாளைக் காலை யார் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி இருந்ததா? அகமதாபாத்தில் 45 டிகிரி என்றால் சிவப்பு எச்சரிக்கை, அது வந்தால் எந்தத் துறை என்ன செய்யணும் என்பது முன்பே எழுதப்பட்டிருக்கிறது. அங்கே ஒரு மருத்துவமனையில் பிரசவ வார்டு மேல்மாடியில் இருந்தது, அதைத் தரைத்தளத்துக்கு மாற்றிய பிறகு வெப்பத்தால் பாதிக்கப்பட்டு சேர்க்கப்படும் பச்சிளங்குழந்தைகள் குறைந்தார்கள் என்று ஆய்விலேயே வந்தது. அந்த மாதிரி ஒன்றைக் கொண்டு போங்கள், கேட்பார்கள்.

ஷாஹுல்: அதே 45-ஐ சென்னைக்கும் வைத்துக்கொள்ளலாமா?

கூடவே கூடாது. வானிலைத் துறையே வெப்ப அலைக்குச் சமவெளியில் 40, கடலோரத்தில் 37 என்று வேறு வேறு அளவு வைத்திருக்கிறது. சென்னையில் புழுக்கம்தான் ஆளைக் கொல்லும், வியர்வை காயாது, ராத்திரியும் உடம்பு ஆறாது. உங்கள் ஊர் இறப்புப் பதிவைப் பார்த்துத்தான் உங்கள் ஊர் அளவைக் குறிக்க முடியும்.

பெயர் சொல்லாதவர்: திட்டத்தால் உயிர் தப்பியது என்று எப்படிச் சொல்ல முடியும்?

நல்ல சந்தேகம். 2014, 2015-ல் ஆண்டுக்குச் சராசரியாக 1,190 உயிர்கள் தப்பின என்கிறது 2018-ல் வந்த ஓர் ஆய்வு. திட்டத்துக்கு முன், பின் என்று ஒப்பிட்ட மதிப்பீடு அது. முழுப் பெருமையும் திட்டத்துக்கே என்று நான் மேடையில் சொல்ல மாட்டேன்.

ரேவதி: தமிழ்நாட்டில் என்ன நடக்கிறது அக்கா?

2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தார்கள், இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம். நல்லதுதான். ஆனால் வெயிலால்தான் இறந்தார் என்று காட்டினால்தானே பணம்? செந்திலுக்குச் சொன்ன அதே சான்றிதழ் சிக்கல் இங்கேயும் குறுக்கே நிற்கும்.

அருண்: புள்ளியியல் எம்.எஸ்சி. படிக்கிறேன், எங்கே தொடங்கட்டும்?

பிறப்பு இறப்புப் பதிவாளர் அலுவலகத்தில், தம்பி. பத்து வருட தினசரி இறப்பு, வயது, வார்டு, இவ்வளவு போதும். பெயர், முகவரி வேண்டாம் என்று விண்ணப்பத்தின் முதல் வரியிலேயே எழுதிவிடு, பெரும்பாலும் தனிப்பட்ட விவரம் தர முடியாது என்று சொல்லித்தான் திருப்பி அனுப்புவார்கள்.