பழைய பாணி ஆர்பிஜி விளையாட்டுக்குப் பொதுமக்களிடம் பணம் திரட்டலாமா?

கேள்வி: நான் திருப்பரங்குன்றத்தில் வசிக்கிறேன், வடபழஞ்சியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். நண்பர் ஒருவருடன் சேர்ந்து, நான்கு பேர் கொண்ட குழுவை நடத்திச் சென்று, முறை வைத்துச் சண்டையிடும் பழைய பாணி ஆர்பிஜி (பாத்திரமேற்று ஆடும்) விளையாட்டு ஒன்றைக் கணினிக்காக உருவாக்கி வருகிறேன். சமணர் மலை, யானைமலைக் குகைகளை மாதிரியாகக் கொண்ட கதைக்களம். தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளியிட எண்ணம். முதல் பகுதி முழுவதும் ஆடும் நிலையில் இருக்கிறது. ஓவியம், இசை, மீதிப் பகுதிகள் ஆகியவற்றுக்கு 12 லட்சம் ரூபாய் தேவை. கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் இணையத்தளத்தில் திரட்டலாமா? சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா மகன் தன் பெயரில் தொடங்கித் தருவதாகச் சொல்கிறான். லாபத்தில் பங்கு கொடுத்தால் பணம் போடுவதாகச் சில உறவினர்களும் சொல்கிறார்கள். பணம் தருவோருக்குச் சுங்குடித் துணியில் விளையாட்டின் வரைபடத்தை அச்சிட்டு அனுப்பவும் ஆசை. வழி சொல்லுங்கள்.

பதில்: உங்கள் கேள்விக்குள் நான்கைந்து கேள்விகள் இருந்தாலும், எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: உங்களிடம் வரப்போகும் பணம் என்ன வகைப் பணம்? நன்கொடையா, முதலீடா, கடனா, அல்லது இன்னும் முடியாத ஒரு பொருளுக்கு வாங்குபவர் முன்கூட்டியே தரும் விலையா? முன்விலை என்பதே உங்களுக்குப் பொருந்தும் விடை. மற்ற மூன்றையும் இதனுடன் கலந்துவிட்டால், விளையாட்டு முடிவதற்கு முன்பே சட்டச் சிக்கல் வந்து நிற்கும்.

முதலில் கிக்ஸ்டார்ட்டர். அந்தத் தளத்தில் பணம் தருபவர் உலகின் எந்த மூலையிலிருந்தும் தரலாம். ஆனால் திட்டம் தொடங்குபவர் அத்தளம் அனுமதித்துள்ள நாடுகளில் ஒன்றில் வசிப்பவராக, அந்த நாட்டு அடையாளச் சான்றும் வங்கிக் கணக்கும் உடையவராக இருக்க வேண்டும். அந்தப் பட்டியலில் சிங்கப்பூர் இருக்கிறது, இந்தியா இல்லை. உங்கள் தம்பி தன் பெயரில் தொடங்கினால் பணம் தந்த ஒவ்வொருவருக்கும் பொறுப்பாளி அவர்தான். வருமானமும் அங்கே அவர் பெயரில்தான் சேரும். அதை மதுரைக்கு அனுப்ப, நீங்கள் அவருக்குச் சேவை ஏற்றுமதி செய்ததாக ஒப்பந்தமும் விலைப்பட்டியலும் வேண்டும். அவர் உண்மையிலேயே இந்த விளையாட்டில் வேலை செய்பவராக இருந்தால் இது நேர்மையான வழி. பெயர் மட்டும் கொடுப்பவராக இருந்தால், தளத்தின் விதிக்கும் பொருந்தாது, விளையாட்டு தாமதமானால் அந்நிய மண்ணில் அவர் தலையில் விழும் சுமைக்கும் ஈடு இராது. தளத்தின் 5 விழுக்காடு கட்டணமும், அதன்மேல் ஏறத்தாழ 3 முதல் 5 விழுக்காடு பணப் பரிமாற்றக் கட்டணமும் போகும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், உங்கள் அளவுத் திட்டத்துக்கு இந்தச் சுற்றுவழி தேவையில்லை என்பதே என் கருத்து.

அடுத்தது தொகை. பழைய பாணி ஆர்பிஜிகளுக்குப் பொதுமக்கள் பணம் கொட்டிய கதைகளை நீங்கள் அறிந்திருப்பீர்கள்: 2012-இல் ‘வேஸ்ட்லேண்ட் 2’ 9 லட்சம் டாலர் கேட்டு 29 லட்சம் டாலருக்கு மேல் பெற்றது, அதே ஆண்டில் ‘பில்லர்ஸ் ஆஃப் எடர்னிட்டி’ 11 லட்சம் கேட்டு ஏறத்தாழ 40 லட்சம் பெற்றது. அவர்களிடம் பணம் கொடுத்தவர்கள் பெரும்பாலும் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் அதே கைகள் செய்த விளையாட்டுகளில் வளர்ந்தவர்கள்; கால் நூற்றாண்டாகச் சேர்ந்த நம்பிக்கையை அந்த நிறுவனங்கள் பணமாக்கின. உங்களுக்கு அந்த முதலீடு கிடையாது. ஆகவே நீங்கள் பார்க்க வேண்டிய முன்மாதிரி 2013-இல் பணம் திரட்டிய ‘அண்டர்டேல்’. அதைச் செய்தவர் கேட்டது வெறும் 5,000 டாலர். கூடவே எவரும் இறக்கி ஆடிப் பார்க்கக்கூடிய ஒரு டெமோவைக் கொடுத்தார். 51,000 டாலருக்கு மேல் வந்தது. 2014 கோடையில் தருவதாகச் சொன்ன விளையாட்டு 2015 செப்டம்பரில்தான் வந்தது என்பதையும் நினைவில் வையுங்கள். அதே 2013-இல் ‘டிவினிட்டி: ஒரிஜினல் சின்’ விளையாட்டுக்கு 4 லட்சம் டாலர் கேட்ட பெல்ஜிய நிறுவனமும், பெரும்பகுதி வேலையைத் தன் பணத்தில் முடித்துவிட்டு, இறுதிக்கட்ட மெருகுக்காகத்தான் கையேந்தியது. தொடங்குவதற்கான பணம் பொதுமக்களிடமிருந்து வருவது அரிது. முடிப்பதற்கான பணம் வரும்.

இதை ரூபாயில் கணக்கிடுவோம். இந்தியாவுக்குள் யுபிஐ, அட்டை எல்லாம் ஏற்கும் ரேசர்பே போன்ற ஒரு பேமெண்ட் கேட்வே (இணையத்தில் பணம் வாங்கித் தரும் சேவை) வழியாக, உங்கள் சொந்தப் பக்கத்தில் 499 ரூபாய்க்கு முன்பதிவு வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொண்டால், ஏறத்தாழ 2 விழுக்காடு கட்டணமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் போக 487 ரூபாய் கைக்கு வரும். ஜிஎஸ்டி பதிவு செய்திருந்து, அந்த 499-க்குள்ளேயே 18 விழுக்காடு வரியும் அடங்கினால், மிஞ்சுவது 411. அந்த விலையில் 12 லட்சம் சேர 2,900 பேருக்கு மேல் வேண்டும். பெயர் தெரியாத இருவரின் முதல் விளையாட்டுக்கு, அதுவும் ஒரே மாதத்தில், இது நடவாது என்றே சொல்வேன். 4 லட்சம் கேளுங்கள். ஜிஎஸ்டி பதிவு தேவைப்படாத நிலையில் ஏறத்தாழ 820 பேர் போதும், 999 ரூபாய்க்கு ஒரு மேல்நிலைப் பதிப்பு வைத்தால் இன்னும் குறையும். மீதி 8 லட்சத்துக்கான பகுதிகளை, அதாவது கதையின் கடைசிக் குகைகளையும் முழு இசையையும், விற்பனை வருமானத்தில் பின்னர் சேர்க்கும்படி திட்டத்தைச் சுருக்குங்கள். உறவினரும் அலுவலக நண்பர்களும் போடும் பணத்தை இந்த 820-இல் சேர்க்க வேண்டாம். அது மொய் எழுதுவதைப் போன்றது. உங்களுக்காகப் போடுகிறார்களே தவிர, விளையாட்டுக்காக அல்ல. சந்தையைப் பற்றி அது எதையும் சொல்லாது.

லாபத்தில் பங்கு என்ற பேச்சை விளம்பரத்தில் ஒரு வரியாகக்கூட எழுதாதீர்கள். பொதுமக்களிடம் பணம் வாங்கி, கூடுதலாகத் திருப்பித் தருவதாகச் சொல்வது முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடைசெய்யும் 2019-ஆம் ஆண்டுச் சட்டத்திலும், தமிழ்நாட்டின் 1997-ஆம் ஆண்டு வைப்பீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டத்திலும் மாட்டக்கூடியது. பின்னதற்கான சிறப்பு நீதிமன்றம் மதுரையிலேயே இருக்கிறது. பிரைவேட் லிமிடெட் நிறுவனம் தொடங்கிப் பங்கு கொடுப்பதாக இருந்தாலும், ஒரு நிதியாண்டில் 200 பேருக்கு மேல் தரக்கூடாது, பொது விளம்பரமும் செய்யக்கூடாது. உறவினர் உதவ விரும்பினால் எழுத்து மூலமான கடனாக, வங்கி வழியாக வாங்குங்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது.

நன்கொடை என்ற சொல்லும் ஆபத்தானதே, குறிப்பாக வெளிநாட்டிலிருந்து பணம் வரும்போது. கோலாலம்பூரிலோ டொராண்டோவிலோ இருக்கும் ஒருவர் உங்களுக்கு ‘ஆதரவாக’ அனுப்பும் தொகை, வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் பற்றிய கேள்வியை எழுப்பலாம். வியாபாரத்தின் இயல்பான போக்கில் பொருளுக்கோ சேவைக்கோ பெறும் விலையை அச்சட்டமே விலக்கி வைத்திருக்கிறது. எனவே உங்கள் பக்கத்தில் ‘முன்பதிவு’, ‘விலை’, ‘ரசீது’ என்ற சொற்களே இருக்கட்டும். பேபால் இந்தியாவுக்குள் நடக்கும் பரிமாற்றத்தை 2021 ஏப்ரலில் நிறுத்திவிட்டது, வெளிநாட்டுப் பணம் பெற மட்டும் பயன்படும். ஒவ்வொரு வரவுக்கும் வங்கி கேட்கும் நோக்கக் குறியீட்டை (பணம் எதற்காக வந்தது என்று காட்டுவது) மென்பொருள் விற்பனைக்கு உரியதாகக் கொடுங்கள்.

சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவுக்குக் கட்டணம் இல்லை. உங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு கூட்டாண்மையோ எல்எல்பியோ (கூட்டாளிகளின் பொறுப்புக்கு வரம்புள்ள கூட்டாண்மை) அமைத்து, அதற்கு அந்தப் பதிவையும் வாங்கி, அதன் பெயரில் தனி நடப்புக் கணக்கு தொடங்கி, திரட்டும் பணம் அதைத் தவிர வேறெங்கும் போகாமல் பாருங்கள். கேட்வே விண்ணப்பத்தில் ‘கேம்’ என்ற சொல்லைப் பார்த்ததும் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டோ என்று சந்தேகிப்பார்கள். 2025-இல் அத்தகையவற்றை நாடு முழுவதும் தடைசெய்த சட்டம் வந்தபின் இந்தக் கெடுபிடி இயல்பானதே. ஒருவர் மட்டும் ஆடுவது, ஒரே முறை விற்பது, பந்தயமோ பரிசுப் பணமோ இல்லாதது என்று முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். பல மாதம் கழித்துப் பொருள் தரும் வியாபாரத்தையும் அவர்கள் விரும்புவதில்லை. அதற்கு என் யோசனை: பணம் தருவோருக்கு, ஆடும் நிலையில் உள்ள முதல் பகுதியை அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். மீதி வராமல் போனாலும் வாங்கியவர் கையில் ஒரு பொருள் இருக்கும். நுகர்வோர் தம் சொந்த ஊரிலேயே வழக்குத் தொடரலாம் என்ற இன்றைய சட்டத்தில் இது உங்களுக்கும் காப்பு.

இலக்கை எட்டாவிட்டால் திருப்பித் தருவதாகச் சொல்வது நல்லதுதான், ஆனால் கேட்வே கட்டணம் உங்களுக்குத் திரும்பி வராது. முதலில் பெயரும் மின்னஞ்சலும் மட்டும் வாங்கி, எண்ணிக்கை போதுமான அளவு சேர்ந்தபின் பணம் செலுத்தும் பக்கத்தைத் திறப்பது மலிவான வழி. பெயர் கொடுத்தவர்களில் பாதிக்கும் கீழேதான் பணம் கட்டுவார்கள் என்று எடுத்துக்கொண்டு கணக்கிடுங்கள். மாதத்தின் முதல் வாரத்தில், சம்பளம் வந்த கையோடு திறந்து, 30 நாளில் மூடுவது போதும்.

சுங்குடி வரைபடத்தைக் கைவிடுங்கள். முடிச்சிட்டுச் சாயமேற்றி எடுக்கும் புள்ளிகளே சுங்குடி. குகைப் பாதையும் ஊர்ப்பெயரும் அந்த முறையில் வராது, வேறு துணியில் அச்சடித்துச் சுங்குடி என்று சொன்னால் புவிசார் குறியீடு பெற்ற பெயரைத் தவறாகப் பயன்படுத்தியதாகும். அதைவிடப் பெரிய காரணம் வரி. சேவை மட்டும் விற்பவர், ஆண்டு விற்றுமுதல் 20 லட்சத்துக்குள் இருக்கும் வரை, வெளிமாநிலத்தவருக்கு விற்றாலும் ஜிஎஸ்டி பதிவு செய்யத் தேவையில்லை. இறக்கி ஆடும் விளையாட்டு சேவைக் கணக்கில் வரும். ஆனால் ஒரு துணியையோ பெட்டியையோ பெங்களூருக்கு அனுப்பினால், பொருளை மாநிலம் கடந்து விற்றவராகி, முதல் ரூபாயிலிருந்தே பதிவு கட்டாயமாகிவிடலாம். வெளிநாட்டுத் தபால் இன்னும் நிச்சயமற்றது: 2025 ஆகஸ்டில் அமெரிக்கா தன் சுங்க விதியை மாற்றியபோது, இந்திய அஞ்சல் துறையே அந்த நாட்டுக்கான பொதிகளைச் சில வாரம் நிறுத்திவைக்க நேர்ந்தது. பழைய விளையாட்டுகளின் பெட்டிக்குள் இருந்த கையேட்டின் சுவையை, நன்றாக வடிவமைத்த பிடிஎஃப் நூலாகவே தரலாம். அச்சில்தான் வேண்டும் என்றால், விளையாட்டு வெளிவந்தபின் சிவகாசியில் கொடுத்து, தனியாக விற்றுக்கொள்ளுங்கள்.

இலக்கைத் தாண்டி வரும் பணத்துக்குக் கூடுதல் இலக்குகள் என்று புதிய அம்சங்களைப் படிப்படியாக அறிவிப்பதிலும் கை இறுக்கம் வேண்டும். 2013-இல் 40 லட்சம் டாலருக்கு மேல் திரட்டிய ‘டார்மென்ட்: டைட்ஸ் ஆஃப் நியூமனெரா’ 2017-இல் வந்தபோது, அறிவித்த சில துணைப் பாத்திரங்களும் இத்தாலிய மொழிபெயர்ப்பும் இல்லாமல் போனதால், பணம் கொடுத்தவர்களின் கோபத்துக்கு ஆளானது. உங்களுக்கு ஆங்கிலம், தமிழ் இரண்டே போதும். அதிலும் தமிழைச் சோதிக்காமல் வாக்குக் கொடுக்காதீர்கள்: விளையாட்டு உருவாக்க உதவும் கோடோ 4 போன்ற எஞ்சின் தமிழ் எழுத்துகளைச் சரியாக இணைத்துக் காட்டும், யூனிட்டி என்ற இன்னொரு எஞ்சினில் எழுத்தைக் காட்டப் பரவலாகப் பயன்படும் டெக்ஸ்ட்மெஷ்புரோவில் ‘கெ’, ‘கொ’ போன்றவற்றின் கொம்பு இடம் மாறி நிற்கும். உரையாடலே உயிரான ஒரு விளையாட்டில் இது சிறு பிழையல்ல.

விளையாட்டின் விதிகளை ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற மேசை விளையாட்டின் மரபிலிருந்து எடுத்திருந்தால், அதன் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதி ஆவணம் 2023 முதல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கிடைக்கிறது. உரியவாறு பெயர் குறிப்பிட்டு வணிக நோக்கிலும் பயன்படுத்தலாம்.

டெமோவை ஸ்டீம் என்ற கணினி விளையாட்டு விற்பனைத் தளத்தில் ஏற்றுங்கள். ஒரு விளையாட்டுக்கு 100 டாலர் கட்டணம். விற்பனை 1,000 டாலரைத் தாண்டினால் அது திரும்ப வரும். விற்பனையில் 30 விழுக்காட்டை ஸ்டீம் எடுத்துக்கொள்ளும் என்றாலும், முன்பதிவு செய்தவர்களுக்கு நீங்கள் கொடுக்கும், ஸ்டீமில் விளையாட்டைத் திறக்கும் சாவிக் குறியீட்டில் அதற்குப் பங்கு இல்லை. நிதி திரட்டும் அந்த 30 நாளில், பணம் தர மனமில்லாதவரும் ஸ்டீமின் விஷ்லிஸ்டில் (விருப்பப் பட்டியல்) சேர்க்கும்படி கேளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லியாக வேண்டும், உண்மையில் இதைத்தான் முதலில் முடிக்க வேண்டும்: வேலையில் சேர்ந்தபோது கையெழுத்திட்ட ஒப்பந்தம். பணிக்காலத்தில் நீங்கள் எழுதும் எந்த நிரலும் நிறுவனத்துக்கே சொந்தம் என்றும், வேறு தொழில் செய்யக்கூடாது என்றும் பல மென்பொருள் நிறுவனங்களின் ஒப்பந்தங்களில் இருக்கிறது. பொதுமக்களிடம் பணம் வாங்கியபின் நிறுவனம் உரிமை கோரினால், விற்ற பொருளே உங்களுடையது அல்ல என்ற நிலை வரும். நிறுவனத்தின் மடிக்கணினியை இந்த வேலைக்குத் தொட்டிருக்கவே கூடாது. மனிதவளத் துறையிடம் எழுத்து மூலமான அனுமதி வாங்குங்கள். அது கிடைக்காவிட்டால், உங்கள் நண்பர் வேறெங்கும் பணியில் இல்லாதவர் என்றாலும், அவர் பெயரில் தொடங்கிவிட்டு நீங்கள் பின்னால் இருந்து வேலை செய்வது தீர்வாகாது. அனுமதி வந்த பிறகு, ஒப்பந்தப் பிரதியுடன் ஓர் ஆடிட்டரைப் பாருங்கள். முன்பதிவுப் பணத்தை எந்த ஆண்டின் வருமானமாகக் காட்டுவது என்பது நீங்கள் தேர்ந்தெடுக்கும் கணக்கு முறையைப் பொறுத்தது என்பதால், மார்ச் 31-க்குச் சற்று முன்பு பணம் திரட்டி அதற்குச் சற்றுப் பின்பு செலவழிக்கும்படி தேதியை அமைக்க வேண்டாம். ஏப்ரல் அல்லது மே மாதம் திறந்தால், வரவும் செலவும் ஒரே ஆண்டில் அடங்கும்.