அப்பாவோடு காவிரிக் கரையில் ஐந்து நாள் சைக்கிள்: கேள்வி பதில்

சேலம்: அப்பாவுக்கு 66 வயது. தினமும் 8 கி.மீ. ஓட்டுகிறார். பொங்கல் முடிந்ததும் கல்லணையிலிருந்து பூம்புகார் வரை இருவரும் நிதானமாகப் போக ஆசை. எத்தனை நாள் வேண்டும்?

பதில்: ஓட்டம் நாலு நாள், ஓய்வு ஒரு நாள். திருச்சியிலிருந்து கல்லணை வரை குட்டி யானையில் ஏற்றிக்கொண்டு போய் இறக்குங்கள். நெரிசலில் அப்பாவைக் களைப்பாக்க வேண்டாம். முதல் நாள் திருக்காட்டுப்பள்ளி வழியாகத் திருவையாறு, மறுநாள் கும்பகோணம். இரண்டும் சுமார் 35 கி.மீ. மூன்றாம் நாள் சைக்கிளைத் தொடாதீர்கள். தாராசுரத்துக்கு ஆட்டோவில் போய் வாருங்கள். நாலாம் நாள் மயிலாடுதுறை, சுமார் 37. கடைசி நாள் பூம்புகார், 25.

கல்லணையே கடல் மட்டத்திலிருந்து சுமார் 60 மீட்டர்தான். மேடு என்றால் பாலங்கள் மட்டுமே. காற்றுதான் கவனம். ஜனவரியில் வடகிழக்கிலிருந்து, ஏறக்குறைய முகத்துக்கு நேரே வீசும். வெயில் ஏற ஏற வலுக்கும். 6.30க்குக் கிளம்பி 10.30க்குள் ரூமுக்குப் போய்விடுங்கள். மணிக்கு 12 கி.மீ. போதும். பனிமூட்டம் இருந்தால் விலகும்வரை காத்திருங்கள், பின் விளக்கு எரியட்டும். அப்பா முன்னால், நீங்கள் பின்னால்: வேகத்தை அவர் வைப்பார், பஸ் முதலில் உங்களைத்தான் பார்க்கும்.

தினம் 8 கி.மீ. என்பது மூச்சுக்குப் போதும், உட்காரும் இடத்துக்குப் போதாது. ஆறு வாரம் முன்பிருந்தே ஞாயிறுதோறும் 12, 16, 20 என்று கூட்டுங்கள். கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பு சனி, ஞாயிறு இரண்டு நாளும் 25 ஓட்டிப் பார்க்கட்டும். வலி இரண்டாம் நாள்தான் தெரியும்.

திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை பெரும்பாலும் ஜனவரியில் வரும். அந்த நாட்களில் ரூம் கிடைப்பது கஷ்டம்; தேதி மோதினால் 13 கி.மீ. தள்ளித் தஞ்சாவூரில் தங்குங்கள்.

திண்டுக்கல்: அப்பாவுக்குப் பத்து கி.மீ. தாண்டினால் முட்டிக்கு முன்பக்கம் வலிக்கிறது.

பதில்: முதலில் சீட் உயரத்தைப் பாருங்கள். சீட் தாழ்ந்திருந்தால் முட்டி அளவுக்கு மீறி மடங்கி, மடங்கிய நிலையிலேயே பெடலைத் தள்ள வேண்டியிருக்கும். 35 கி.மீ.க்கு மூன்று மணி நேரம், நிமிடத்துக்கு 60 சுற்று என்றால் 10,800 முறை அப்படித் தள்ளுகிறார்.

சைக்கிளைச் சுவரில் சாய்த்து, ஓட்டும்போது போடும் ஷூவோடு அவரை ஏற்றுங்கள். குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே கொண்டுவந்தால் கால் நேராக வேண்டும், இடுப்பு சாயக் கூடாது. பிறகு பாதத்தின் முன்பகுதியைப் பெடலில் வைத்தால் முட்டி லேசாக மடிந்திருக்கும். அதுதான் அளவு. வாரத்துக்கு 1 செ.மீ. மட்டும் ஏற்றுங்கள். சீட் குழாயில் பொறித்த கோடு வெளியே தெரியக் கூடாது. தெரிந்தால் உள்ளே இருக்கும் பிடி போதாது, குழாயோ சைக்கிள் சட்டமோ (ஃபிரேம்) உடையும். முட்டிக்குப் பின்னால் இழுத்தால் அரை செ.மீ. இறக்குங்கள். வீக்கம் இருந்தால் ஸ்பேனரை வைத்துவிட்டு எலும்பு டாக்டரிடம் போங்கள்.

விழுப்புரம்: உட்கார்ந்தபடி இரண்டு காலும் தரையில் ஊன்றினால்தான் வயதானவர்களுக்குப் பாதுகாப்பு. நீங்கள் சொல்லும் உயரத்தில் விழுந்து இடுப்பு எலும்பு போனால்?

பதில்: பயம் நியாயமானது. ஆனால் அதற்குத் தீர்வு நிற்கும் முறையில் இருக்கிறது. பிரேக் பிடித்து, ஒரு பெடல் கீழே இருக்கும்போது அதன்மேல் எழுந்து, சீட்டை விட்டு முன்னால் நகர்ந்து, மறுகாலை ஊன்ற வேண்டும். இப்படி இறங்குபவருக்குச் சீட் எவ்வளவு உயரமானாலும் தரை எட்டும். காலி மைதானத்தில் தினமும் இருபது தடவை பழகட்டும்.

கடலூர்: விழுப்புரம் நண்பர் சொல்வதே சரி. நாய் குறுக்கே வந்தால் முன்னால் நகர நேரம் ஏது?

பதில்: இருக்காது, ஒத்துக்கொள்கிறேன். அதனால் பழக்கம் படியும்வரை சரியான அளவிலிருந்து 2 செ.மீ. இறக்கி ஓட்டட்டும், ஒரு காலின் முன்பாதம் தரையைத் தொட்டால் போதும். இரண்டு பாதமும் முழுசாகப் பதியும் உயரத்தில் ஐந்து நாள் ஓட்டுவதற்கு மட்டும் நான் சம்மதிக்க மாட்டேன்.

விழுப்புரம்: அப்பாவால் காலைத் தூக்கி நடுக்கம்பியைத் தாண்டவே முடியவில்லையே?

பதில்: இதை முதலிலேயே சொல்லியிருந்தால் வாதமே வேண்டாம். நடுக்கம்பி தாழ்ந்த சட்டம் வாங்குங்கள். கடையில் லேடீஸ் சைக்கிள் என்பார்கள்; அப்பா கூச்சப்பட்டால் ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் விழும் ஆபத்து இதிலேயே குறையும்.

மதுரை: அம்மாவோடு போகிறேன், சுடிதார்தான் போடுவார்.

பதில்: துப்பட்டா வேண்டாம், பின் சக்கரத்தில் சுற்றும். செயின் கவர் இருக்கட்டும். சீட் அளவு எல்லோருக்கும் ஒன்றே.

ஈரோடு: ஜெல் சீட் கவர்?

பதில்: வேண்டாம். உட்காரும் எலும்பு மெத்தைக்குள் அமுங்கி, மெத்தை நடுவில் பிதுங்கி நரம்பை அழுத்தும். உள்ளே பேட் வைத்த ஷார்ட்ஸ் வாங்குங்கள்.

நாகர்கோவில்: அப்பாவுக்குச் சர்க்கரை, மாத்திரை சாப்பிடுகிறார்.

பதில்: எந்த மாத்திரை என்பது முக்கியம். கிளிமிபிரைடு போன்றவையோ இன்சுலினோ இருந்தால் ஓட்டத்தில் சர்க்கரை இறங்கிவிடும். அந்த ஐந்து நாளுக்கான அளவை டாக்டரிடம் முன்பே கேளுங்கள். வெறும் வயிற்றில் கிளம்பக் கூடாது. கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, காரணமில்லாத எரிச்சல் தெரிந்தால் உடனே ஓரம் கட்டி மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். அது சட்டைப் பையில் இருக்கட்டும், பின்னால் கட்டிய பைக்குள் வேண்டாம்.

கரூர்: அப்பாவுக்கு முட்டி வலி, என்ன செய்ய?

பதில்: திண்டுக்கல்லுக்குச் சொன்னதைப் படியுங்கள். சீட்.

வேலூர்: ஊட்டிக்கு இதே மாதிரி திட்டம்?

பதில்: மலைப்பாதை வேறு கணக்கு. மலை ஓட்டுபவர்களிடம் கேளுங்கள்.

அரியலூர்: வழியில் பஞ்சர் ஆனால்?

பதில்: கருவேல முள் குத்தும், நிச்சயம். கிராமத்துக் கடைகளில் பெரும்பாலும் 26, 28 அங்குல டியூப்தான் இருக்கும்; உங்களுடையது 700சி (டயரில் எழுதியிருக்கும் சக்கர அளவு) என்றால் இரண்டு டியூப் கையோடு இருக்கட்டும். வால்வு மெல்லியதாக இருந்தால் பித்தளை அடாப்டர் ஒன்று வாங்குங்கள், அப்போதுதான் பைக்குக்குக் காற்றடிக்கும் இடத்தில் அடிக்க முடியும். புது டியூப் போடுமுன் டயரின் உட்பக்கத்தை விரலால் மெதுவாகத் தடவுங்கள். முள் அங்கேயே இருந்தால் அடுத்ததும் போகும்.

மன்னார்குடி: அறுவடைச் சமயம், ரோட்டில் நெல் காயுமே?

பதில்: நல்ல கேள்வி. காயும் நெல்லின் மேல் ஓட்டாதீர்கள். மணிகள் உருண்டு சக்கரம் வழுக்கும், அது ஒருவருடைய உழைப்பும்கூட. இறங்கித் தள்ளுங்கள். வைக்கோல் இன்னொரு தொல்லை. பின் கியரில் தொங்கும் குட்டிப் பல்சக்கரங்களுக்குள் ஒரு தாள் புகுந்தால் சுற்றிச் சுற்றி இறுகிவிடும். பெடல் கனப்பதுபோல் இருந்தால் அழுத்தாமல் நிறுத்துங்கள். அழுத்தினால் அந்தப் பல்சக்கரங்களைத் தாங்கும் கியர் கை ஆரக்கம்பிக்குள் போய் ஒடியும். பெடலைப் பின்பக்கமாகச் சுற்றியபடி வைக்கோலைக் கையால் உருவுங்கள். இறுகியதை வெட்ட ஒரு சின்னக் கத்தி போதும்.