செரிசாவா எரித்த தாள்கள்

அன்புள்ள ஐயா,

1954இல் வந்த முதல் காட்ஸில்லா படமான ‘கோஜிரா’வை அண்மையில் பார்த்தேன். தான் கண்டுபிடித்த ஆயுதத்தை, ஊரை அழிக்கும் ராட்சத விலங்கான காட்ஸில்லாவைக் கொல்ல ஒரே ஒரு முறை பயன்படுத்தச் சம்மதிக்கும் விஞ்ஞானி செரிசாவா, ஆய்வுக் குறிப்புகளை எரித்துவிட்டுக் கடலடியில் தானும் உயிரை விடுகிறார். ஒருவர் கண்டதை நாளை இன்னொருவர் காணமாட்டாரா? எனக்கு இது வீண் தியாகமாகப் பட்டது.

கே.

அன்புள்ள கே.,

தாளை எரித்தால் போதாது என்று உங்களுக்கு முன்பே சொன்னவர் செரிசாவாதான். மனிதன் பலவீனமானவன், குறிப்புகள் போனாலும் எல்லாம் என் தலைக்குள் இருக்கிறதே, உயிரோடு இருக்கும்வரை யாரும் என்னை வற்புறுத்திச் செய்யவைக்க மாட்டார்கள் என்பது என்ன நிச்சயம் என்று கேட்கிறார். தன் வழியாக அது உலகத்துக்குப் போய்விடக்கூடாது, அவ்வளவுதான். அவர் அஞ்சுவது தன்னைத்தான். அந்தச் சாவை வீண் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

படம் வந்த ஆண்டையும் பாருங்கள். 1954 மார்ச் 1 அன்று பிகினி பவளத்தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டை வெடித்துப் பார்த்தது. தொலைவில் இருந்த ஜப்பானிய மீன்பிடிப் படகின்மேல் கதிரியக்கச் சாம்பல் கொட்டியது. அதிலிருந்த 23 பேரும் பாதிக்கப்பட்டார்கள். வானொலித் தொடர்பைக் கவனித்துவந்த குபோயாமா செப்டம்பர் 23இல் இறந்தார். நவம்பர் 3இல் படம் திரைக்கு வந்தது. கடலில் ஒளி வெடித்து ஒரு கப்பல் பற்றி எரியும் முதல் காட்சியில் அந்த மக்களுக்கு யார் நினைவு வந்திருக்கும்!

சாவு ஒன்றுதான் வழியா என்று கேட்டிருந்தால் உங்கள் பக்கம் நின்றிருப்பேன். ஜெர்மனியிடம் அணுகுண்டு இல்லை என்று தெரிந்ததும், 1944 இறுதியில், அமெரிக்கா அணுகுண்டு உருவாக்கிவந்த லாஸ் அலமோஸ் ஆய்வகத்தை விட்டு வெளியேறினார் இயற்பியலாளர் ஜோசப் ராட்பிளாட். மருத்துவ இயற்பியலுக்குப் போனார். அணு ஆயுதத்துக்கு எதிராகப் பாடுபட்டு 96 வயதுவரை வாழ்ந்தார். அவர் விலகியதால் குண்டு நின்றுவிடவில்லை என்பதும் உண்மைதான்.

செரிசாவா தன் ஆயுதத்தை மீன் தொட்டியில் சோதித்துக் காட்டும் காட்சியை மட்டும் இன்னொரு முறை பாருங்கள். அவருக்கு நிச்சயிக்கப்பட்ட எமிகோ அலறி முகத்தை மூடிக்கொள்கிறாள். தொட்டிக்குள் என்ன நடந்தது என்பதை இயக்குநர் ஹோண்டா அப்போது காட்டுவதில்லை. யாரிடமும் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்தவள், ஊர் அழிவதைப் பொறுக்க முடியாமல் தன் காதலன் ஒகாட்டாவிடம் சொல்லும்போதுதான் மீன்கள் எலும்பாவதை நாம் பார்க்கிறோம். நல்லதற்காகத்தான் சொன்னாள். செரிசாவா தன்னையே நம்ப அஞ்சியது அதற்குப் பிறகுதான்.

அன்புடன்.