கிரீஸ் போகிறவர்கள் சாண்டோரினியை விட்டுவிட்டு ஏதோ ஒரு சின்னத் தீவில் விடுமுறையைக் கழிக்க என்ன காரணம் இருக்கிறது?

என் காரணம் ஒரு பானை கொண்டைக்கடலை. சிரிக்காதீர்கள், அதற்கு வருகிறேன்.

முதலில் சாண்டோரினியில்தான் இரண்டு நாள் இருந்தோம். எரிமலை வாயின் விளிம்பில் வெள்ளை வீடுகள், கீழே கடல். அழகில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஓயா ஊரில் சூரியன் மறைவதைப் பார்க்க வெகு முன்னாலேயே போய் இடம் பிடிக்க வேண்டும். நாங்கள் தாமதமாகப் போனோம். எனக்கு முன்னால் நின்றவர் தூக்கிப் பிடித்த செல்போன் திரையில்தான் சூரியன் மறைந்தது.

அங்கிருந்து சிஃப்னோஸுக்குக் கப்பல் ஏறினோம். சிக்லாடிஸ் தீவுக்கூட்டத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது. பரப்பளவு சுமார் 74 சதுர கிலோமீட்டர், ஊர்க்காரர்கள் மூவாயிரத்துக்கும் குறைவு. விமான நிலையம் கிடையாது. ஏதென்ஸ் பக்கத்து பிரேயஸ் துறைமுகத்திலிருந்து வேகக் கப்பலில் மூன்று மணி நேரம், சாதாரணக் கப்பலில் ஐந்து மணி நேரம். இந்தச் சிரமத்துக்கே பாதிக் கூட்டம் வேறு பக்கம் போய்விடுகிறது.

சின்னத் தீவில் 'பார்க்க வேண்டிய இடங்கள்' இரண்டு நாளில் தீர்ந்துவிடும். மூன்றாம் நாள்தான் சுவாரசியமே. செய்ய வேலை இல்லாமல் ஒரு திண்ணையில் உட்கார்ந்து எதிர்வீட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புகைபோக்கியின் தலையில் மண்பானை இருந்தது. பக்கத்து வீட்டிலும் அப்படியே. நல்ல களிமண் கிடைக்கும் தீவு இது, தலைமுறை தலைமுறையாகக் குயவர்கள் ஊர். அடியில்லாத பானைதான் இங்கே புகைபோக்கிக்குத் தொப்பி. 'ஃபிளாரோஸ்' என்பார்கள். அதற்கு முன் இரண்டு நாளும் அதே தெருவில் நடந்திருக்கிறேன், கண்ணில் படவே இல்லை.

நடப்பதற்கென்றே போகலாம். பழைய கழுதைப் பாதைகளைச் சரிசெய்து, அடையாளப் பலகை நட்டு, சுமார் 100 கிலோமீட்டர் நீளத்துக்கு வைத்திருக்கிறார்கள். தீவின் முக்கிய ஊரான அப்பொலோனியாவிலிருந்து பழைய கோட்டை ஊரான காஸ்ட்ரோவுக்கு முக்கால் மணி நேரத்தில் இறங்கிவிடலாம். காஸ்ட்ரோவில் ஓரத்து வீடுகளின் பின்சுவர்களே கோட்டை மதில். சந்துகளில் ரோமானியர் காலத்துக் கல் சவப்பெட்டிகள் சும்மா ஓரமாகக் கிடக்கின்றன, கயிறு கட்டவில்லை, டிக்கெட் இல்லை. ஒன்றின்மேல் பூனை தூங்கிக்கொண்டிருந்தது.

இந்த ஊர் ஒரு காலத்தில் பெரும் பணக்கார ஊர் என்றால் நம்ப முடியாது. இங்கே தங்கச் சுரங்கமும் வெள்ளிச் சுரங்கமும் இருந்தன, ஆண்டு வருமானத்தை ஊர்க்காரர்கள் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டார்கள் என்று பழங்கால கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். பத்தில் ஒரு பங்கை எடுத்து குறி சொல்வதற்குப் பேர்போன டெல்ஃபி கோயிலில் ஒரு கருவூலம் கட்டினார்கள், கி.மு. 525 வாக்கில். அதன் சிற்பங்களை டெல்ஃபி அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம். இந்தச் செல்வம் நிலைக்குமா என்று அந்தக் கோயிலில் குறி கேட்டபோது, 'சிவப்புத் தூதனிடம் கவனம்' என்று பதில் வந்ததாம். புரியாமல் விட்டுவிட்டார்கள். சிவப்புச் சாயம் பூசிய கப்பலில் சாமோஸ் தீவுக்காரர்கள் வந்து பத்து டாலந்து (அந்தக் காலத்துப் பெரும் பண அளவு) கடன் கேட்டார்கள். இல்லை என்றதும் ஊரைச் சூறையாடி, நூறு டாலந்தாக வசூலித்துக்கொண்டு போனார்கள். பேசாமல் பத்தைக் கொடுத்திருக்கலாம்!

சரி, கொண்டைக்கடலை. நாங்கள் சனிக்கிழமை கிளம்புவதாக இருந்தது. அன்று வடக்கிலிருந்து 'மெல்டெமி' காற்று பிடித்துக்கொண்டது. காற்று ஓர் அளவைத் தாண்டினால் துறைமுகத்திலேயே கப்பலைத் தடுத்துவிடுவார்கள். பெட்டியோடு காமரேஸ் துறைமுகத்தில் நின்று புலம்பினேன். திரும்பி வந்ததும் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மா, "நல்லதாப் போச்சு, நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, ரெவித்தாதா சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார், ஏதோ நான் விருந்துக்கு வந்தவன் மாதிரி.

அன்று மாலை பேக்கரிப் பக்கம் போனால், ஒவ்வொருவராக மூடிபோட்ட மண்பானையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். உள்ளே ஊறவைத்த கொண்டைக்கடலை, வெங்காயம், ஆலிவ் எண்ணெய், பிரிஞ்சி இலை மாதிரி ஓர் இலை, உப்பு, தண்ணீர். ரெவித்தாதா என்பது அவ்வளவுதான். விறகடுப்பின் சூட்டில் இரவு முழுக்க வேகும், மறுநாள் சர்ச் முடிந்து வருகிறவர்கள் அவரவர் பானையை எடுத்துப் போவார்கள். எங்கள் தட்டில் விழுந்தபோது கடலை உருக்குலையாமல் இருந்தது, நாக்கில் வைத்ததும் வெண்ணெயாகக் கரைந்தது. எலுமிச்சை பிழிந்து, ரொட்டியைக் குழம்பில் தோய்த்துச் சாப்பிட வேண்டும். ஒரு மிளகாய், ஒரு சிட்டிகை சீரகம்கூட இல்லாமல் இந்த ருசி எப்படி வந்தது என்று என் மனைவி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். குக்கரில் நாலு விசில் விட்டுப் பார்த்தோம், வரவில்லை.

சைவக்காரர்களுக்கு இன்னொரு சேதி: ஆர்த்தடாக்ஸ் சர்ச்சில் நோன்பு நாட்கள் அதிகம் என்பதால், இறைச்சி, பால், முட்டை இல்லாத பதார்த்தங்கள் வீட்டுச் சமையலில் நிறைய. கேப்பர் மொட்டும் வெங்காயமும் போட்டு வதக்கிய சாலட்டை விட்டுவிடாதீர்கள்.

குறைகளும் உண்டு. பேர் போன தீவாகிவிட்டதால் மலிவு கிடையாது, ஆகஸ்டில் அறை கிடைப்பதே கஷ்டம். மே, ஜூன், செப்டம்பர் நல்லது. இரவு வாழ்க்கை, பெரிய கடைத்தெரு வேண்டுமென்றால் வேறு இடம் பாருங்கள். அப்புறம், தீவிலிருந்து திரும்பும் நாளிலேயே ஊருக்கு விமானம் போடாதீர்கள், ஓர் இரவாவது ஏதென்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அந்த ஓர் இரவு இருந்ததால்தான் தப்பித்தோம்.

எத்தனை நாள் தங்கினாலும் நடுவில் ஒரு ஞாயிறு வருகிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள். உணவகத்துக்குச் சீக்கிரம் போங்கள், பானை காலியாகிவிட்டால் அடுத்த பானைக்கு ஒரு வாரம் ஆகும்.