விண்டோஸ் 7 கணினியில் பைத்தான்: எந்தப் பதிப்பை எடுப்பது?

கேள்வி: என் மகன் படிவம் 2 படிக்கிறான். பள்ளியில் பைத்தான் நிரல்மொழி தொடங்கியிருக்கிறார்கள். வீட்டில் இருப்பது 2010-இல் என் அண்ணன் வாங்கி, பிறகு எங்களுக்குக் கொடுத்த விண்டோஸ் 7 கணினி. ரேம் 2 ஜிபி. பைத்தான் தளத்தில் முகப்பில் இருந்ததை இறக்கினோம், இந்த விண்டோஸில் போட முடியாது என்று நின்றுவிட்டது. அக்காள் மகன் தன் லேப்டாப்பில் இருந்த பைத்தான் ஃபோல்டரைப் பென்டிரைவில் கொண்டுவந்து போட்டான். 'ஏபிஐ-எம்எஸ்-வின்-கோர்-பாத்' என்று தொடங்கும் ஒரு டிஎல்எல் கோப்பு இல்லை என்கிறது. கடையில் கேட்டால் புதுக் கணினி வாங்கச் சொல்கிறார்கள். இப்போதைக்கு அது முடியாது. ஏதாவது வழி உண்டா ஐயா? — ஒரு தாய், பிறை, பினாங்கு

பதில்: உண்டு, சகோதரி. கணினியை மாற்ற வேண்டாம், பைத்தானின் பதிப்பை மாற்றினால் போதும். உங்களுக்கு வேண்டியது பைத்தான் 3.8.10. 3.9 முதல் வந்தவை உங்கள் விண்டோஸ் 7-இல் ஓடாது.

காரணம் இதுதான். விண்டோஸ் 7-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு நிறுத்தியது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த பைத்தான் 3.9 முதல், விண்டோஸ் 8-இலும் அதற்குப் பிந்தையவற்றிலும் மட்டுமே இருக்கும் சில வசதிகளை நம்பி எழுதப்பட்டிருக்கிறது. டிஎல்எல் என்பது நிரல்கள் பகிர்ந்து பயன்படுத்தும் துணைக்கோப்பு; நீங்கள் பார்த்த அந்த 'கோர்-பாத்' கோப்பு அப்படிப்பட்ட ஒன்று. உங்கள் கணினியிலிருந்து அது தொலைந்து போகவில்லை, விண்டோஸ் 7-இல் அது தொடக்கத்திலிருந்தே கிடையாது.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. இந்தப் பிழைச் செய்தியை அப்படியே இணையத்தில் தேடினால், 'காணாமல் போன டிஎல்எல்லை இலவசமாக இறக்கிக்கொள்ளுங்கள்' என்று அழைக்கும் தளங்கள் வரிசையாக வரும். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள், மகனையும் போகவிடாதீர்கள். யாரோ ஏற்றிவைத்த கோப்பை விண்டோஸின் உள் ஃபோல்டரில் கொண்டுபோய் வைப்பது, முன்பின் தெரியாதவர் கையில் வீட்டுச் சாவியைக் கொடுப்பதற்குச் சமம். இப்படிக் கெட்டுப்போய் என்னிடம் வந்த கணினிகள் உண்டு. அவற்றில் பைத்தானும் ஓடவில்லை, கூடவே வேண்டாத விளம்பரங்களும் வைரஸும் குடியேறியிருந்தன.

முதலில் இரண்டு விவரம் பாருங்கள். ஸ்டார்ட் மெனுவில் 'கம்ப்யூட்டர்' என்பதன்மேல் ரைட் கிளிக் செய்து 'ப்ராப்பர்ட்டீஸ்' திறந்தால், மேலே 'சர்வீஸ் பேக் 1' என்று ஒரு வரி இருக்க வேண்டும். அது இல்லையென்றால் பைத்தான் 3.8 உள்ளே வராது. மைக்ரோசாஃப்டின் அப்டேட் கேட்டலாக் தளத்தில் கேபி 976932 என்ற எண்ணைத் தேடி எடுத்துப் போடுங்கள். இரண்டாவது, அதே பக்கத்தில் கீழே 'சிஸ்டம் டைப்' என்ற இடத்தில் 32 பிட்டா 64 பிட்டா என்று எழுதியிருக்கும். அதைக் குறித்து வையுங்கள், பின்னால் உதவும்.

இப்போது இறக்க வேண்டிய கோப்பு. பைத்தான் டாட் ஓஆர்ஜி தளத்தில் முகப்பில் தெரியும் பொத்தான் எப்போதும் ஆகப் புதிய பதிப்பைத்தான் தரும், அதைத் தொடாதீர்கள். 'டவுன்லோட்ஸ்' பகுதிக்குள் 'விண்டோஸ்' என்பதைத் திறந்தால் பழைய பதிப்புகளின் நீண்ட பட்டியல் வரும். அதில் 2021 மே மாதம் வெளியான 3.8.10 வரை கீழே இறங்குங்கள். பட்டியலில் 3.8.11, 3.8.12 என்று அதற்கு மேலும் எண்கள் இருக்கும். ஆனால் அவற்றுக்கு விண்டோஸ் இன்ஸ்டாலர், அதாவது திறந்ததும் தானே நிறுவிக்கொள்ளும் கோப்பு, கிடையாது, மூல நிரல் மட்டும்தான். 3.8 வரிசையில் நேரடியாக நிறுவக்கூடிய கடைசிப் பதிப்பு 3.8.10.

அங்கே 32 பிட், 64 பிட் என இரண்டு இன்ஸ்டாலர் இருக்கும். 64 பிட் கோப்பின் பெயரில் 'ஏஎம்டி64' என்று வரும். பலர் அதைப் பார்த்து, 'நம்முடையது இன்டெல் ஆச்சே' என்று பின்வாங்குவார்கள். அது 64 பிட் வகைக்கு வைத்த பெயர்தான், இன்டெல்லுக்கும் பொருந்தும். ஆனால் 2 ஜிபி ரேமுக்கு நான் 32 பிட் கோப்பையே சொல்வேன். அது இரண்டு வகை விண்டோஸிலும் ஓடும், நினைவகமும் குறைவாகவே எடுக்கும். கோப்பு 30 எம்பிக்கும் குறைவுதான், கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டே போதும். பழைய இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் தளமே திறக்காமல் போகலாம். அப்படியானால் அக்காள் மகனையே அவர் லேப்டாப்பில் இறக்கிப் பென்டிரைவில் கொண்டுவரச் சொல்லுங்கள். பென்டிரைவ் யோசனையில் தவறில்லை. நிறுவிய ஃபோல்டருக்குப் பதிலாக இன்ஸ்டாலரைக் கொண்டுவந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்ஸ்டாலரைத் திறந்ததும் அவசரப்பட்டு 'இன்ஸ்டால் நவ்' அழுத்தாதீர்கள். சாளரத்தின் அடியில் 'ஆட் பைத்தான் 3.8 டு பாத்' என்று ஒரு சின்னப் பெட்டி டிக் இல்லாமல் இருக்கும். டிக் போட்டுவிட்டுப் பிறகு அழுத்துங்கள். மறந்துவிட்டால், கட்டளை தட்டும் கறுப்புச் சாளரமான கமாண்ட் பிராம்ப்டில் 'பைத்தான்' என்று ஆங்கிலத்தில் தட்டும்போது அப்படி ஒரு கட்டளையே தெரியாது என்று விண்டோஸ் சொல்லும். அப்போதும் பயப்பட வேண்டாம். அந்தச் சொல்லின் முதல் இரண்டு எழுத்தை மட்டும், அதாவது 'பை' என்று, தட்டிப் பாருங்கள். பெரும்பாலும் திறந்துவிடும்.

இந்தக் கட்டத்தில் இன்னொரு டிஎல்எல் பிழை வரலாம். அதுவும் 'ஏபிஐ-எம்எஸ்-வின்' என்றுதான் தொடங்கும், ஆனால் அடுத்து 'சிஆர்டி-ரன்டைம்' என்று போகும். முதல் பாதி ஒன்றுபோல் இருப்பதால் இரண்டும் ஒன்றென்று எண்ணி ஆளுக்கொரு மருந்து சொல்வார்கள். 'கோர்-பாத்' வந்தால் பதிப்பு பொருந்தவில்லை என்று அர்த்தம், விண்டோஸ் 7-இல் அதற்கு நேர்மையான மருந்து இல்லை. 'சிஆர்டி-ரன்டைம்' வந்தால் விண்டோஸின் ஓர் அப்டேட் விடுபட்டிருக்கிறது. அதே கேட்டலாக் தளத்தில் கேபி 2999226 என்று தேடி, உங்கள் பிட் வகைக்கு உரியதை எடுத்துப் போட்டு, கணினியை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். பிழைச் செய்தியை முழுவதும் படியுங்கள் என்று மாணவர்களிடம் நான் ஓயாமல் சொல்வது இதனால்தான்.

பதினைந்து வருடக் கணினி என்பதால் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். வலது கீழ் மூலையில் தேதி சரியாக இருக்கிறதா? சனிக்கிழமை வகுப்பு ஒன்றுக்காகப் புக்கிட் மெர்தாஜாமில் ஒரு பழைய கணினியைத் தயார் செய்துகொண்டிருந்தேன். பைத்தான் நன்றாக ஓடியது. ஆனால் பைத்தானுக்குக் கூடுதல் தொகுப்புகளை இறக்கித் தரும் பிப் என்ற கருவி வழியாக எதை இறக்கினாலும் 'சான்றிதழ் செல்லாது' என்ற பிழை. இணைப்பை மாற்றினேன், பிப்பை அழித்துத் திரும்பப் போட்டேன், ஒரு மணி நேரம் போயிற்று. வகுப்புக்கு வந்த சிறுமி ஒருத்தி திரையின் மூலையைக் காட்டி, "சார், இதில் 2009 என்று இருக்கிறதே" என்றாள். இணையத் தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடங்கும் நாளும் முடியும் நாளும் உண்டு. கணினி தன்னை 2009-இல் இருப்பதாக நினைத்தால், இன்றைய சான்றிதழ் எல்லாம் அதற்கு இன்னும் பிறக்காதவை. தேதியைத் திருத்தியதும் எல்லாம் இறங்கியது. மின்சாரத்தை நிறுத்திப் போட்டதும் தேதி மறுபடி பின்னால் ஓடினால், மதர்போர்டில் இருக்கும் காசு போன்ற பேட்டரி தீர்ந்துவிட்டது. பெரும்பாலும் அது சிஆர் 2032 வகை. பிளக்கைக் கழற்றிவிட்டு நீங்களே மாற்றலாம். இதற்காக கொம்தார் பக்கம் கணினியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை.

பழைய பதிப்பில் படித்தால் மகன் பின்தங்கிவிடுவானோ என்ற கவலை உங்களுக்கு இருக்கும். படிவம் 2 மாணவனுக்கு வேண்டிய மாறி, நிபந்தனை, மடக்கு, பட்டியல், செயற்கூறு அனைத்தும் 3.8-இல் அப்படியே இருக்கின்றன. ஆசிரியரின் குறிப்பில் 'மேட்ச்', 'கேஸ்' என்ற சொற்களோடு ஒரு பயிற்சி வந்தால் மட்டும் இங்கே ஓடாது, அது 3.10-இல்தான் வந்தது. அந்த இடத்தில் 'இஃப்', 'எலிஃப்' போட்டு எழுதச் சொல்லுங்கள், விடை ஒன்றாகத்தான் வரும். ஆனால் ஒன்றில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். விண்டோஸ் 7-க்கும் பைத்தான் 3.8-க்கும் இப்போது பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதில்லை. பைத்தான் 3.8-க்கான ஆதரவு 2024 அக்டோபரில் முடிந்தது. ஆகவே வங்கிக் கணக்கு, வருமான வரி எதையும் அந்தக் கணினியில் திறக்காதீர்கள். அது படிப்புக்கு மட்டும் இருக்கட்டும், மற்ற நேரத்தில் இணைய இணைப்பைக் கழற்றி வையுங்கள்.

விண்டோஸை எடுத்துவிட்டு இலவச இயங்குதளமான லினக்ஸ் போடலாமே என்று அடுத்து யாராவது சொல்வார்கள். போடலாம், நல்ல வழிதான், ஆனால் படங்களையும் ஆவணங்களையும் வேறிடத்தில் பத்திரப்படுத்திய பிறகு. விண்டோஸ் 32 பிட் என்பதால் செயலியும் 32 பிட் என்று முடிவுகட்ட வேண்டாம். கோர் 2 டுவோ போன்ற செயலிகள் 64 பிட் ஆனவை, 32 பிட் விண்டோஸ் அவற்றின்மேல் போடப்பட்டிருக்கும், அவ்வளவே. அப்படியானால் டெபியன் என்ற லினக்ஸ் வகையின் 13-ஆம் பதிப்பு ஏறும், அதில் பைத்தான் 3.13 கூடவே வரும். ஆட்டம் என்270 போட்ட குட்டி நெட்புக் போல உண்மையிலேயே 32 பிட் செயலி என்றால் டெபியன் 12 வரைதான். பள்ளி விடுமுறையில் நிதானமாகச் செய்யுங்கள், அடுத்த வாரப் பாடத்துக்கு 3.8.10 போதும்.

நிரல் எழுத, பைத்தானோடு வரும் ஐடில் சாளரத்தையே பயன்படுத்தட்டும். நோட்பேட் வேண்டாம். விண்டோஸ் 7-இன் நோட்பேட், சேமிக்கும்போது யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுக்காவிட்டால் தமிழ் எழுத்துகளையெல்லாம் கேள்விக்குறியாக்கிவிடும். கோப்புக்குப் பெயர் வைக்கும்போதும் கவனம் வேண்டும். ஆமை வரையும் 'டர்ட்டில்' பயிற்சிக்கு 'டர்ட்டில்' என்றே பெயர் வைத்தால், பைத்தான் தன்னுடைய தொகுப்பை விட்டுவிட்டு மகன் எழுதிய கோப்பையே திறந்து பிழை காட்டும். 'என் ஆமை' என்ற பொருளில் வேறு பெயர் வைக்கட்டும்.

எல்லாம் ஓடியதும் ஐடிலில் 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தை 'லென்' கொண்டு கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று எழுத்துச் சொல், ஆனால் விடை 5 என்று வரும். யூனிகோடில் 'மி' என்பது மகரமும் இகரக் குறியும், 'ழ்' என்பது ழகரமும் புள்ளியும். பைத்தான் ஒவ்வொன்றையும் தனித்தனியாக எண்ணுகிறது. தமிழ் எழுத்தாகவே எண்ணித் தருவதற்கு 'ஓப்பன் தமிழ்' என்றொரு தொகுப்பு இருக்கிறது, பிப் மூலம் இறக்கலாம். அதற்கு முன், புள்ளியையும் உயிர்க்குறிகளையும் விட்டுவிட்டு எண்ணும் நிரலை மகனே எழுதிப் பார்க்கட்டும். பத்து வரிக்குள் முடியும். சிக்கிக்கொண்டால் எந்த வரியில் நிற்கிறது என்று குறிப்பிட்டு எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.