500 பவுண்டுக்கு வரும் பழைய பாய்மரப் படகு: வாங்கலாமா, எதில் முதலில் கை வைப்பது?

கேள்வி: இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் குடும்பத்துடன் வசிக்கிறேன். மெட்வே ஆற்றோரப் படகுத்துறை ஒன்றில், 1974-இல் கட்டிய வெஸ்டர்லி சென்டார் பாய்மரப் படகு சில ஆண்டுகளாகக் கரையில் கிடக்கிறது. உரிமையாளர் காலமாகிவிட்டார். அவருடைய மனைவி 500 பவுண்டுக்குத் தருவதாகச் சொல்கிறார். கேபின் கூரைத் துணி கிழிந்து தொங்குகிறது, தரைப்பலகைக்கு அடியில் தண்ணீர் தேங்கியிருக்கிறது, எஞ்சின் ஓடுமா என்று யாருக்கும் தெரியவில்லை. தச்சு வேலையும் மின்வேலையும் எனக்கு ஓரளவு வரும். வார இறுதிகளில் நானே செப்பனிட்டு ஓட்ட ஆசை. வாங்கலாமா? வாங்கினால் எங்கிருந்து தொடங்குவது?

பதில்: படகைப் பொறுத்தவரை நல்ல இடத்தில்தான் கண் வைத்திருக்கிறீர்கள். சென்டார் 26 அடிப் படகு. லாரன்ட் ஜைல்ஸ் வடிவமைப்பு நிறுவனம் வரைந்தது. 1969-இலிருந்து 1980 வரை 2,400-க்கும் மேற்பட்ட படகுகள் கட்டப்பட்டன. அடியில் ஒன்றுக்குப் பதிலாக இரண்டு கீல்கள் (படகின் அடியில் துருத்தி நிற்கும் கனத்த தகடுகள்) இருப்பதால், கடல் வற்றத்தில் ஆற்றுநீர் இறங்கும்போது சேற்றில் சாயாமல் நிமிர்ந்து நிற்கும். சுமார் மூன்றடி ஆழ நீர் இருந்தால் மிதக்கும். மெட்வே, தேம்ஸ் முகத்துவாரம் போன்ற வற்றும் நீர்நிலைகளுக்கு இதைவிடப் பொருத்தமான சிறு படகு அரிது. இத்தனை படகுகள் புழக்கத்தில் இருப்பதால் பழைய உதிரிப்பாகங்களும், இதே நோயைப் பார்த்துச் சரிசெய்தவர்களின் அனுபவமும் எளிதில் கிடைக்கும்.

ஆனால் 500 பவுண்டு என்ற எண்ணை இப்போதே மறந்துவிடுங்கள். பழைய படகில் இரண்டு வகைச் செலவு உண்டு. ஃபைபர் கிளாஸ், மரம், மின்கம்பி, பெயின்ட் ஆகியவை உங்கள் உழைப்பைக் கேட்பவை, பொருள்செலவு தாங்கக்கூடியது. எஞ்சின், பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள், பாய்கள், கரை வாடகை ஆகியவை உழைப்பால் ஈடுகட்ட முடியாதவை. காசு கொடுத்தே ஆக வேண்டும். பார்ப்பவர்கள் பயப்படுவதோ பச்சைப் பாசியையும் தொங்கும் துணியையும் பார்த்து. அவைதான் இருப்பதிலேயே மலிவான குறைகள். எஞ்சின் ஓடக்கூடிய அழுக்குப் படகு, எஞ்சின் செத்துப்போன பளபளப்பான படகைவிட நிச்சயம் மேல். ஆகவே வாங்குவதா வேண்டாமா என்பதை காசு கொடுத்தே தீர வேண்டிய அந்த நான்கு செலவுகளை வைத்தே முடிவு செய்யுங்கள்.

எஞ்சினை முதல் நாளே சோதிக்கலாம். பேட்டரி தேவையில்லை. முன்பக்கப் பெல்ட் ஓடும் சக்கரத்தின் நடு நட்டில் பெரிய ஸ்பேனரைப் போட்டு, எஞ்சின் வழக்கமாகச் சுழலும் திசையிலேயே மெல்லத் திருப்பிப் பாருங்கள். அசைந்தால் நம்பிக்கை உண்டு. அசையாவிட்டால் பலம் காட்டாதீர்கள். இறுகிவிட்டது என்று கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். அக்காலத்து டீசல் எஞ்சின்கள் பலவற்றைக் கடல்நீரே நேரடியாகக் குளிர்வித்தது. உப்பு உள்ளிருந்தே இரும்பைத் தின்றிருக்கும். புதிய டீசல் எஞ்சின் வாங்கிப் பொருத்தினால் படகின் விலையைப் போலப் பத்து மடங்கைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். எஞ்சின் இறுகியிருந்தால் என் யோசனை, அதைக் கழற்றிப்போட்டுவிட்டு, பின்புறத்தில் தாங்கி அமைத்து ஒரு பழைய அவுட்போர்டு மோட்டாரை மாட்டுவது. அலை உயரும்போது அதன் புரொப்பெல்லர் நீரைவிட்டு மேலே வந்து வீணாகச் சுழலும் என்பது உண்மை. ஆற்றுக்கும் அமைதியான நாளுக்கும் அது போதும்.

பாய்மரக் கம்பிகளின் கீழ்முனையை உற்றுப் பாருங்கள். எஃகு உருளைக்குள் கம்பி நுழையும் இடத்தில்தான் நீர் தேங்கி அரிக்கும். ஒரு துண்டு பஞ்சைக் கம்பியின் நெடுகில் ஓடவிடுங்கள்; எங்காவது சிக்கினால் அங்கே ஓர் இழை அறுந்திருக்கிறது. ஓர் இழை அறுந்தாலும் கம்பிகள் அனைத்தையும் மாற்றுவதுதான் முறை. வயது தெரியாத கம்பியை நான் நம்புவதில்லை. காப்பீட்டு நிறுவனங்களும் பத்தாண்டைத் தாண்டிய கம்பியைப் பற்றிக் கேள்வி கேட்பதுண்டு. பாயைச் சோதிக்கத் தையல்மேல் நகத்தால் கீறினால் போதும். நூல் தூளானால் வெயில் அதைத் தின்றுவிட்டது. துணி விறைப்பாக இருந்தால் மறுதையல் போடலாம். துவண்டு கிடந்தால் பழைய பாய் சந்தையில் வேறு தேடுங்கள்.

கரை வாடகை மாதத்துக்கு எவ்வளவு என்று கேட்டு, உங்கள் மனக்கணக்கில் உள்ள மாதங்களை இரண்டால் பெருக்குங்கள். வார இறுதி வேலையில் குளிர்காலமும் மழையும் பாதியை விழுங்கிவிடும். ஃபைபரை ஒட்டும் எப்பாக்ஸி ரெசின் என்ற பசை பத்து டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஒழுங்காக இறுகாது. கூடவே பத்திரங்களையும் பாருங்கள். காலமானவரின் சொத்தை விற்கச் சட்டப்படி அதிகாரம் பெற்றவர்தான் விற்பனைச் சீட்டில் கையெழுத்திட வேண்டும். அந்த அம்மையாரிடம் இதைப் பக்குவமாகக் கேளுங்கள். சிறு கலங்களுக்கான பிரிட்டிஷ் பதிவேட்டுச் சான்று உரிமைக்கு ஆதாரம் ஆகாது. வாடகைப் பாக்கி இல்லை என்று படகுத்துறையிடம் எழுத்தில் வாங்கிய பிறகே பணம் கொடுங்கள். கைவிடப்பட்ட படகை உடைத்து அப்புறப்படுத்தவே ஆயிரக்கணக்கில் செலவாகும். மலிவு விலைக்குப் பின்னால் பல நேரம் இருப்பது அந்தச் சுமைதான்.

இனிப் படகின் உடல். உள்ளே தண்ணீர் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது உங்களுக்கு நிறையச் சொல்லும். படகு ஆண்டுக்கணக்கில் கரையில் நிற்கிறது. ஆகவே அந்த நீர் அடியிலிருந்து வந்திருக்க முடியாது, பெரும்பாலும் மேலிருந்து வந்த மழைநீர். மேல்தளம் ஒழுகுகிறது என்று சந்தேகிக்கலாம். ஒழுகும் மேல்தளம் உள்ளேயும் அழுகியிருக்கலாம். அக்காலத்துப் படகுகள் பலவற்றில், மேல்தளத்தின் இரண்டு ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவே பால்சா மரமோ பிளைவுட்டோ இருக்கும். கைப்பிடித் தூண்களின் போல்ட் துளை வழியாக இறங்கும் நீர் அந்த மரத்தை ஊறவைத்துக் கூழாக்கிவிடும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

காய்ந்த நாளில் ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் மேல்தளம் முழுவதையும் ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும். அழுகிய இடம் ‘தொப்’பென்று அடங்கிவிடும். பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்போமே, அதே காதுதான் இங்கும் வேண்டும். அடங்கிய இடங்களைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். தூண்களின் அடியைச் சுற்றி உள்ளங்கை அகல வட்டங்கள் என்றால் கவலையில்லை. பாய்மரம் ஊன்றிய இடத்தின் அடியில் அழுகல் என்றாலோ, நடைபாதை முழுவதும் மிதித்தால் அமுங்குகிறது என்றாலோ, மேல் அடுக்கை அறுத்தெடுத்து, உள்மரத்தை மாற்றி, மீண்டும் ஃபைபர் போட வேண்டும். செய்ய முடியாத வேலை அல்ல. ஆனால் ஒரு கோடை முழுவதையும் கேட்கும்.

சிறிய ஒழுக்குகளை இப்படி அடையுங்கள். தூணைக் கழற்றுங்கள். போல்ட் துளையைச் சற்றுப் பெரிதாகத் துளைத்து, வளைத்த ஆணி ஒன்றை டிரில்லில் மாட்டி, இரண்டு அடுக்குக்கும் நடுவே உள்ள ஈரமரத்தைச் சுற்றிலும் சுரண்டி எடுங்கள். நன்றாகக் காயட்டும், அவசரப்பட்டால் முழு வேலையும் வீண். துளையின் அடியை டேப்பால் அடைத்து, கெட்டியாக்கிய எப்பாக்ஸியை விளிம்புவரை நிரப்புங்கள். இறுகியதும் அதன் நடுவே போல்ட் அளவுக்குத் துளையிட்டு, வாயைச் சிறு கிண்ணம்போல அகட்டுங்கள். போல்ட்டைச் சுற்றி பியூட்டைல் டேப்பை (ரப்பர் போன்ற ஒட்டும் பட்டையை) உருட்டி வைத்து, தலையைத் திருகாமல் கீழே உள்ள நட்டை மட்டும் முடுக்குங்கள். தலை சுழன்றால் ஒட்டு அறுந்துவிடும். ஓரங்களில் பிதுங்கும்வரை முடுக்கி, மறுநாளும் அடுத்த வாரமும் மீண்டும் சற்று முடுக்குங்கள். இனி மழைநீர் கசிந்தாலும் எப்பாக்ஸியைத்தான் தொடும், மரத்தை அல்ல. சிலிக்கோனை மட்டும் படகுக்குள் கொண்டுவராதீர்கள். அது பட்ட இடத்தில் பிறகு பெயின்ட்டும் பிடிக்காது, பசையும் பிடிக்காது.

சென்டாரின் பிறவி பலவீனம் கீல்கள். பக்கவாட்டில் விரிந்த இரண்டு வார்ப்பிரும்புக் கீல்கள் ஒவ்வொரு வற்றத்திலும் சேற்றில் ஊன்றிப் படகின் எடையைத் தாங்குகின்றன; அந்த அழுத்தம் கீல் வந்து சேரும் அடிப்பகுதியை நெளியச் செய்கிறது. வெளியே கீலின் தோள்பட்டையில் நீண்ட விரிசலோ துருக்கசிவோ உண்டா என்று பாருங்கள். உள்ளே தரைப்பலகைகளைத் தூக்கி, போல்ட்டுகளைச் சுற்றி விரிசல் தேடுங்கள். கிரேனில் தூக்கும்போது கீலின் நுனியை ஒருவர் தள்ளிப் பார்க்க, மற்றொருவர் உள்ளே கவனிக்கட்டும். இணைப்பு வாய் திறந்தால் உள்ளே குறுக்குச் சட்டங்கள் வைத்து ஃபைபர் போட்டு வலுவூட்ட வேண்டும். இந்த ஒரு விஷயத்துக்காக மட்டும் தகுதியுள்ள படகு மதிப்பீட்டாளர் ஒருவருக்குக் கட்டணம் கொடுப்பது வீண்செலவு அல்ல. பழைய படகுக்குக் காப்பீடு எடுக்க அவருடைய அறிக்கை பெரும்பாலும் தேவைப்படும்.

அடிப்பகுதியில் சிறு கொப்புளங்கள் இருக்கலாம். குத்தினால் புளித்த வாடையுள்ள நீர் வரும். ஆஸ்மோசிஸ் என்று சொல்லிப் பலர் பயமுறுத்துவார்கள். இந்த வயதுப் படகுகளில் அது சாதாரணம். அதனால் மூழ்கிய படகு அபூர்வம். திறந்து, நல்ல நீரால் திரும்பத் திரும்பக் கழுவி, காயவைத்து, எப்பாக்ஸியால் நிரப்புங்கள். அவ்வளவுதான்.

என் கவலையெல்லாம் சீகாக் எனப்படும் அடித்தள வால்வுகள்மேல்தான். நீர்மட்டத்துக்குக் கீழே படகின் உடலில் போட்ட ஓட்டைகள் அவை. சாதாரணப் பித்தளையில் செய்திருந்தால், கடல்நீர் அதிலுள்ள துத்தநாகத்தைக் கரைத்துச் செம்பை மட்டும் விட்டுவைக்கும். பார்க்க முழு வால்வு போலவே இருக்கும்; கத்தியால் சுரண்டினால் மஞ்சளுக்குப் பதில் இளஞ்சிவப்பு தெரியும்; சுத்தியலால் தட்டினால் பொலபொலவென்று உடையும். எந்தத் தயக்கமும் இல்லாமல் அனைத்தையும் மாற்றுங்கள். வெண்கலமோ, துத்தநாகம் கரையாத வகைப் பித்தளையோ, கடலுக்கென்றே செய்த வலுவூட்டிய பிளாஸ்டிக்கோ போடலாம். தேவையற்ற ஓட்டைகளை ஃபைபர் போட்டு நிரந்தரமாக அடைத்துவிடுங்கள்.

ஃபைபர் வேலை பற்றி ஒன்று. காசிமேட்டிலும் நாகப்பட்டினத்திலும் ஃபைபர் படகு ஒட்டுவதைப் பார்த்தவர்கள், பாலியெஸ்டர் ரெசினும் மேட்டும் (கண்ணாடி இழை விரிப்பும்) போதும் என்று நினைப்பார்கள். புதுப் படகு வார்க்க அது சரி. பல ஆண்டுக்கு முன் இறுகிய பழைய பரப்பில் எப்பாக்ஸிதான் உறுதியாகப் பிடிக்கும். ஆனால் சாதாரண மேட்டை எப்பாக்ஸியோடு சேர்க்காதீர்கள்; அதன் இழைகளைப் பிணைக்கும் பசை பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீனில் கரைவதற்கென்று செய்தது. நெய்த துணியோ, இருதிசை இழைத் துணியோ வாங்குங்கள். ஒட்டும் விளிம்பை, தடிமனைப் போலப் பன்னிரண்டு மடங்கு நீளத்துக்குச் சரிவாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். சீக்கிரம் இறுகட்டும் என்று கடினமாக்கியைக் கூட்டி ஊற்றினால் ரெசின் கடைசிவரை பிசுபிசுக்கும். இறுகிய எப்பாக்ஸிமேல் மெழுகு போன்ற படலம் வரலாம். அதைத் தண்ணீரால் கழுவிய பின்பே தேய்க்க வேண்டும்.

உடல்நலத்தில் சமரசம் கூடாது. எப்பாக்ஸி ஒவ்வாமை ஒருமுறை வந்தால் வாழ்நாள் முழுவதும் தொடரும். நைட்ரைல் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். அடியில் உள்ள பழைய பாசித் தடுப்புப் பெயின்ட்டில் செம்பு பெரும்பாலும் இருக்கும். அடியடுக்குகளில் டின் சேர்மமும் இருக்கலாம். சிறு படகுகளுக்கு டின் பெயின்ட்டை பிரிட்டன் தடை செய்தது 1987-இல்தான். உங்கள் படகு அதற்கு முந்தையது. உலர்வாகத் தேய்க்காமல் ஈரத்தோடு சுரண்டுங்கள். நல்ல வடிகட்டி உள்ள முகமூடி அணிந்து, சுரண்டியதைத் தரையில் விரித்த தார்ப்பாயில் சேகரித்துப் படகுத்துறை சொல்லும் இடத்தில் போடுங்கள். குழந்தைகளை அன்று அழைத்துப் போகாதீர்கள்.

கேபினில் தொங்கும் துணி வெஸ்டர்லி படகுகளுக்கே உரிய தொல்லை. வினைல் துணியின் பின்னால் உள்ள பஞ்சு வயதாகிப் பொடியாகிவிடுகிறது. கிழித்தெடுத்து, மிச்சத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டு, ஒழுக்குகள் நின்றது உறுதியான பிறகே புதுத் துணி ஒட்டுங்கள். மின்வேலை உங்களுக்கு வரும் என்பதால் விரித்துச் சொல்லவில்லை: வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி, பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ். சமையல் எரிவாயு மட்டும் தனிக் கவனம் கேட்கிறது. அது காற்றைவிடக் கனமானது. கசிந்தால் படகின் அடியில் போய்த் தங்கும், ஒரு பொறி போதும். பழைய குழாயையும் அடுப்பையும் கழற்றிவிட்டு, தகுதியுள்ளவரைக் கொண்டு புதிதாகப் போடுங்கள்.

வாங்கிய முதல் வாரம் வேறு எதையும் தொடாதீர்கள். பின்தளத்தின் வடிகால் துளைகளில் இலை அடைத்திருக்கும், அதை எடுங்கள், உள்ளே உள்ள நீரை இறையுங்கள், மெத்தைகளை அகற்றுங்கள், காற்றோட்டம் விட்டுத் தார்ப்பாய் கட்டுங்கள். பிறகு வால்வுகள், கீல், மேல்தளம், சுக்கான், கம்பிகள், எஞ்சின் என்று போய், கேபின் அலங்காரத்தையும் பெயின்ட்டையும் கடைசியில் வையுங்கள்.

நீரில் இறக்கும் நாளுக்கு, வார நடுவில் காலை நேரமாகக் கேட்டு வாங்குங்கள். படகு மிதந்த பிறகும் அதைத் தூக்கிய கிரேன் கச்சைகளைக் கழற்றாமல் சிறிது நேரம் பொறுக்க வேண்டும் என்று கிரேன் இயக்குபவரிடம் முன்கூட்டியே பேசிவையுங்கள். இறங்கியதும் நீங்களே டார்ச்சுடன் உள்ளே போய், ஒவ்வொரு வால்வையும் புரொப்பெல்லர் தண்டு வெளியேறும் இடத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். புதிதாகப் போட்ட வால்வின் அடியில் ஈரம் பட்டால், சொட்டு சிறிதுதானே என்று விடாமல் உடனே மேலே தூக்கச் சொல்லுங்கள்.